ஒரு வாத்தியாரின் புளியங்கொட்டைக் கணக்கு

பள்ளிக்கூடம் போன எல்லோருமே ஒரு ஆராய்ச்சி செய்திருப்பீர்கள். 'நானா? சேச்சே!' என்று நழுவ வேண்டாம். ஏதாவது ஒரு சார் ஒரு பீரியடில் எத்தனை தடவை 'அதாவது' சொல்கிறார் என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு எண்ணினீர்களா, இல்லையா? நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு. ஆக, அஞ்சு!

எங்கள் சரித்திர வாத்தியாருக்கு 'என்னா?'. "வெள்ளைக்காரன் கப்பல்ல வந்தான், என்னா? மிளகு வாங்க வந்தான், என்னா?" ஒரே பீரியடில் 87 வரைக்கும் போனதுண்டு. கடைசி பெஞ்சில் கமர்கட் பந்தயமே நடக்கும். எண்ணுகிற நேரத்தில் யாரும் பேசமாட்டோம், திரும்பமாட்டோம், கொட்டாவி விடமாட்டோம். பாவம், அந்த மனுஷர் மற்ற வாத்தியார்களிடம், "ஒன்பது 'ஏ' மாதிரி ஒரு கிளாஸ் வராது. பசங்க கண்ணைக் கொட்டாம கேக்கறானுங்க" என்று பெருமைப்பட்டுக் கொண்டிருந்தார்.

வகுப்பில் யார் யாரை அளக்கிறார்கள் என்கிற சந்தேகம் எனக்கு அன்றிலிருந்தே உண்டு.

பிற்பாடு நானும் வாத்தியாரானேன். கணக்கு. முப்பது வருஷத்துக்கு மேல் சாக்பீஸ் தூள் தின்றுவிட்டு ரிடையரும் ஆகியாயிற்று. அதில் 1994-ம் வருஷத்து எட்டாம் வகுப்பு 'பி' பிரிவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். காவிரி டெல்டாவில் ஒரு சின்ன டவுன். உதவி பெறும் பள்ளி. பெயர் வேண்டாமே.

ஜூன் மாதம் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரைக் கையில் கொடுக்கும்போதே ஸ்டாஃப் ரூமில் துக்கம் விசாரித்தார்கள். "எட்டு 'பி'யா? ஸ்பிரிங் இருக்கானே! நல்லா மாட்டிக்கிட்டீங்க."

ஸ்பிரிங் என்பது பையனின் பெயரல்ல. வாத்தியார்கள் வைத்த பட்டம். பெஞ்சில் உட்கார்ந்தால் உட்கார்ந்தபடி இருக்கமாட்டான், துள்ளி எழுந்து விடுவான். ஆக, அவன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவனைப் பற்றி எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது!

(இந்த 'முன்பே தெரிந்துவிடும்' சமாசாரம் பொல்லாதது. ரோசென்தால், ஜேக்கப்சன் என்று இரண்டு பேர் அமெரிக்காவில் ஒரு ஆரம்பப் பள்ளியில் சோதித்துப் பார்த்து 1968-ல் புத்தகமே போட்டார்கள். 'இந்தப் பிள்ளைகள் இந்த வருஷம் ஓகோவென்று வருவார்கள்' என்று டீச்சர்களிடம் ஒரு பட்டியல் கொடுத்தார்கள். பட்டியல் குருட்டாம்போக்கில் பொறுக்கியது. வருஷக் கடைசியில் பார்த்தால், ஒண்ணாம், ரெண்டாம் வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட மேலே போயிருந்தார்கள். அந்த முடிவு எவ்வளவு தூரம் செல்லும் என்று பண்டிதர்கள் இன்றுவரை அடித்துக் கொள்கிறார்கள். அடித்துக் கொள்ளட்டும். எங்கள் ஸ்டாஃப் ரூமில் யாரும் 'ஓகோ' பட்டியல் வைத்துக் கொண்டதில்லை. 'ஸ்பிரிங்' பட்டியல்தான்.)

ஜூலையில் ஹெட்மாஸ்டர் கூப்பிட்டனுப்பினார். "ரெண்டு தடவை அவங்கம்மாவை வரச் சொல்லியாச்சு. எல்லா பீரியட்லயும் கம்ப்ளெயின்ட். காலாண்டுப் பரீட்சைக்குள்ள டி.சி.யைக் குடுத்து அனுப்பிடலாம்னு இருக்கேன். கிளாஸ் டீச்சர் நீங்க, என்ன சொல்றீங்க?"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 'ஆகட்டும் சார்' என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வராந்தாவில் அந்த அம்மாள் ஒயர் கூடையோடு நின்றிருந்தார். காலில் வயல் சேறு காயவில்லை. "களையெடுப்புக்குப் போயிருந்தேங்கய்யா. பாதியில வந்துட்டேன்" என்றார். பாதியில் வந்தால் கூலி கிடையாது. "இங்க வேணாம்னா சொல்லிடுங்கய்யா. டீக்கடையில கேட்டு வெச்சிருக்கேன், கிளாஸ் கழுவ எடுத்துக்கறேன்னாங்க." கோபமில்லை, அழுகையுமில்லை. விலை விசாரிக்கிற மாதிரிக் கேட்டார்.

எனக்கு என்னமோ செய்தது. ஆனால் ஹெட்மாஸ்டரிடம் போய், 'எனக்கு என்னமோ செய்கிறது' என்றா சொல்ல முடியும்? கணக்கு வாத்தியார் புத்தி கை கொடுத்தது.

"சார், அவன் ஒரு பீரியட்ல எத்தனை தடவை எந்திரிக்கிறான்?"

"எத்தனை தடவையா? எப்பப் பார்த்தாலும்தான்!"

"எப்பப் பார்த்தாலும்னா... நம்பர் எவ்வளவு சார்?"

ஹெட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்களே எண்ணிட்டு வந்து சொல்லுங்களேன்!" என்றார் எரிச்சலாக. அதை நான் உத்தரவாக எடுத்துக் கொண்டேன்.

வகுப்பில் நடப்பதை எண்ணலாம் என்பது பி.எட். படித்த எவருக்கும் புதுசல்ல. ஃபிளாண்டர்ஸ் என்றொரு அமெரிக்கப் பேராசிரியர் இருந்தார். அவர் பெயரைக் கேட்டால் பழைய பி.எட். மாணவர்களுக்கு இப்போதும் வயிற்றைக் கலக்கும். வகுப்பின் பின்னால் உட்கார்ந்து கொண்டு மூன்று விநாடிக்கு ஒரு நம்பர் எழுத வேண்டும். வாத்தியார் பாராட்டினால் 2, கேள்வி கேட்டால் 4, பாடம் நடத்தினால் 5, உத்தரவு போட்டால் 6, திட்டினால் 7, கேட்ட கேள்விக்குப் பிள்ளைகள் பதில் சொன்னால் 8, தானாக எதையாவது சொன்னால் 9. மொத்தம் பத்து நம்பர். அதில் ஏழு வாத்தியாருக்கு, இரண்டே இரண்டு பிள்ளைகளுக்கு. நாற்பத்தைந்து நிமிஷப் பீரியடுக்கு 900 நம்பர்! எழுதி முடிப்பதற்குள் விரல் வீங்கிவிடும்.

அதில் எனக்குப் பிடித்தது பத்தாம் நம்பர். ஊசி விழுந்தால் கேட்கிற நிசப்தமா? 10. யார் என்ன பேசுகிறார்கள் என்றே புரியாத கலவரமா? அதற்கும் 10. நாங்கள் பிராக்டீஸ் டீச்சிங் போன பள்ளியில் பக்கம் பக்கமாக 10 எழுதினோம். பேப்பரைப் பார்த்த புரொபஸர், "எவ்வளவு அமைதியான கிளாஸ்!" என்று மகிழ்ந்து போனார்.

விளையாட்டு ஒருபுறமிருக்க, ஃபிளாண்டர்ஸ் கண்டுபிடித்தது சுருக்கென்று தைக்கிற விஷயம். சராசரி வகுப்பில் மூன்றில் இரண்டு பங்கு நேரம் யாராவது பேசிக் கொண்டிருக்கிறார்கள். அந்தப் பேச்சில் மூன்றில் இரண்டு பங்கு வாத்தியாருடையது. நாற்பத்தைந்து நிமிஷத்தில் முப்பது நிமிஷம் பேச்சு என்றால், இருபது நிமிஷம் நான். மிச்சம் பத்து நிமிஷம் பிள்ளைகளுக்கு. என் வகுப்பில் 54 பேர். தலைக்குப் பதினோரு விநாடி!

சரி, ஸ்பிரிங்குக்கு வருவோம்.

எண்ண ஆரம்பித்த அன்றைக்கே முதல் சிக்கல். எதை எண்ணுவது? 'சேட்டை' என்றால் என்ன? ஒரு வாத்தியாருக்குச் சேட்டையாகத் தெரிவது இன்னொருவருக்குச் சுறுசுறுப்பு. 'அடங்காத பையன்' என்பது தீர்ப்பு. தீர்ப்பை எண்ண முடியாது, செயலைத்தான் எண்ண முடியும். எனவே ஒரு சட்டம் போட்டுக் கொண்டேன். உட்காருகிற பாகம் பெஞ்சை விட்டு முழுசாகக் கிளம்பினால் ஒன்று. மறுபடி பெஞ்சைத் தொட்ட பிறகு கிளம்பினால்தான் அடுத்தது.

இரண்டாவது சிக்கல், பாடமும் நடத்த வேண்டும், எண்ணவும் வேண்டும். இடது ஜேபியில் முப்பது புளியங்கொட்டை போட்டுக் கொண்டேன். அவன் எழுந்தால் ஒரு கொட்டை வலது ஜேபிக்குப் போகும். மணி அடித்ததும் வலது ஜேபியை எண்ணி நோட்டில் குறித்துக் கொள்வேன். யாருக்கும் தெரியாது. ஒரே ஒருத்தருக்குத் தெரிந்தது. பேண்ட்டைத் துவைக்கப் போட்ட என் சகதர்மிணி, "ஏங்க, கணக்கு வாத்தியார் வேலைதானே பாக்கறீங்க? இல்ல, பல்லாங்குழியா?" என்று கேட்டாள்.

நான் எண்ணுவது சரிதானா என்று பார்க்கத் தமிழ் ஐயாவை ஒரு வாரம் பின்னால் வந்து உட்காரச் சொன்னேன். அவரும் தனியாக எண்ணுவார். முதல் இரண்டு நாள் வகுப்பு கர்ப்பக்கிரகம் போல இருந்தது. ஸ்பிரிங் அசையவில்லை. வேற்று ஆள் வந்து உட்கார்ந்தால் எந்த வகுப்பும் வேஷம் போடும். இன்ஸ்பெக்ஷன் அன்றைக்கு, 'பதில் தெரிஞ்சவன் வலது கையைத் தூக்கு, தெரியாதவன் இடது கையைத் தூக்கு' என்று சொல்லி வைக்கிற வம்சம்தானே நாம்! எனவே அந்த இரண்டு நாளைக் கழித்துக் கட்டினேன். மூன்றாம் நாள் அவர்கள் ஐயாவை மறந்துபோனார்கள். என் கணக்கு 11, ஐயா கணக்கு 14. சின்னதைப் பெரியதால் வகுத்தால் நூற்றுக்கு 79 கூட வரவில்லை. 80-ஆவது வந்தால்தான் நம்பலாம் என்பது இந்தத் துறையின் வழக்கம். விசாரித்தால், ஐயா பாதி எழுந்ததையும் சேர்த்து எண்ணியிருக்கிறார். "குறிலும் ஒரு எழுத்துதானே சார்" என்றார். சட்டத்தை மறுபடி விளக்கியதும் மறுநாள் இருவருக்கும் ஒரே எண்ணிக்கை.

இரண்டு வாரம். சராசரி 13. நாற்பத்தைந்து நிமிஷத்தில் பதின்மூன்று தடவை எழுந்திருக்கிறான். பார்த்தீர்களா, நிஜமாகவே ஸ்பிரிங்தான் என்று எனக்கும் தோன்றியது.

ஆனால் பதின்மூன்று அதிகமா, குறைச்சலா? எதோடு ஒப்பிட்டுச் சொல்வது? ஒரு ஆளை மட்டும் எண்ணிவிட்டு அவனை அதிகம் என்பது ஒரே கடையில் விலை கேட்டுவிட்டு 'கொள்ளை' என்று கத்துவது மாதிரி. எனவே கிளாஸ் லீடரையும் எண்ணினேன். சமத்து, நல்ல மார்க், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. டஸ்டர் எடுக்க எழுந்தான், பென்சில் சீவ எழுந்தான், இங்க் கடன் வாங்க எழுந்தான், பின்னால் இருப்பவன் மண்டையில் ஒரு குட்டு வைக்க எழுந்தான்.

சராசரி 9.

நம்பவில்லை. இன்னொரு வாரம் எண்ணினேன். ஒன்பதேதான். எப்போதும் நிற்கிற பையனுக்கும் எப்போதும் உட்கார்ந்திருக்கிற பையனுக்கும் வித்தியாசம் நாலே நாலு புளியங்கொட்டை! லீடர் எழுந்தபோதெல்லாம் என் கண்ணில் அது படவே இல்லை. ஸ்பிரிங் எழுந்தபோதெல்லாம் பட்டது.

பிறகு சட்டைப் பையிலும் கொஞ்சம் கொட்டை போட்டுக் கொண்டேன். இது எனக்கு. நான் 'உட்காருடா' என்று சொன்னால் ஒன்று. ஸ்பிரிங் எழுந்தது 13, நான் அதட்டியது 11. லீடர் எழுந்தது 9, அதட்டியது பூஜ்யம்.

இந்த இடத்தில்தான் கொஞ்சம் நிற்க வேண்டும். நான் 'உட்காருடா' என்றால் அவன் என்ன செய்தான்? உடனே உட்கார்ந்தான். அதனால்தான் அதட்டல் பலிக்கிறது என்று நான் நினைத்துக் கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் பலித்தது. ஆனால் பலிக்கிற மருந்தை ஒரு பீரியடுக்குப் பதினோரு தடவை ஏன் கொடுக்க வேண்டியிருக்கிறது? எழுந்திருப்பதற்கு முன் என்ன நடந்தது, பின் என்ன நடந்தது என்று எழுதிப் பார்த்தேன். முன்: நான் போர்டு பக்கம் திரும்பினேன். பின்: நான் திரும்பிக் கத்தினேன், 53 தலைகளும் அவனைப் பார்த்தன, சிரிப்பு. அவன் காது வரைக்கும் பல் தெரிய உட்கார்ந்தான். 54 பேர் கொண்ட வகுப்பில், தலைக்குப் பதினோரு விநாடி கிடைக்கிற இடத்தில், ஒரு பையன் எழுந்து நின்றால் வாத்தியார் முழுசாக அவனுக்கே அவனுக்கு! நான் கொடுத்தது தண்டனை என்று நினைத்தேன். அவன் வாங்கிக் கொண்டது கூலி.

இதை நான்தான் கண்டுபிடித்தேன் என்று நாலு வருஷம் பெருமையாகத் திரிந்தேன். எம்.எட். படிக்கப் போனபோது மூக்கு உடைந்தது. மேட்சன், பெக்கர் என்பவர்களும் அவர்களுடைய சகாக்களும் அமெரிக்காவில் ஒண்ணாம் வகுப்பில் இதையே சோதித்து 1968-லேயே எழுதி வைத்துவிட்டார்கள். டீச்சர்களை 'உட்கார்' என்று அதிகமாகச் சொல்லச் சொன்னார்கள். நிற்கிற பிள்ளைகள் அதிகமானார்கள்! சொல்வதைக் குறைத்தால் நிற்பதும் குறைந்தது. நிற்பதைக் கண்டுகொள்ளாமல், உட்கார்ந்து வேலை செய்கிற பிள்ளையை ஒரு வார்த்தை பாராட்டச் சொன்னபோது இன்னும் குறைந்தது.

1994-க்கு வருகிறேன். ஆகஸ்டிலிருந்து வாயைக் கட்டினேன். ஸ்பிரிங் எழுந்தால் நான் பார்க்கவில்லை. உட்கார்ந்து எழுதிக் கொண்டிருக்கும்போது பக்கத்தில் போய் நோட்டில் விரலை வைத்து, "இந்த ஸ்டெப் சரியா இருக்குடா" என்பேன். முதல் தடவை சொன்னபோது திரும்பிப் பின்னால் பார்த்தான். அங்கே சுவர்தான் இருந்தது. "சார், என்னையா?" என்றான்.

உடனே திருந்திவிட்டான் என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்கள், ஆனால் பொய். முதல் வாரம் 13 என்பது 17 ஆயிற்று. ஒரு நாள் 22. வழக்கமாகக் கிடைத்துக் கொண்டிருந்த கூலி நின்றால் யாராவது சும்மா இருப்பார்களா? குரலை உயர்த்திக் கேட்கத்தான் செய்வார்கள். பெஞ்சு மேலேயே ஏறி நின்றான். நான் 'ஏ ஸ்கொயர் மைனஸ் பி ஸ்கொயர்' எழுதிக் கொண்டிருக்கிறேன். அந்த நேரம் பார்த்து ஹெட்மாஸ்டர் ரவுண்ட்ஸ் வருகிறார்!

ஜன்னலில் கண்ணாடி மின்னியது. வெளியே கூப்பிட்டார். "என்ன சார் இது?"

"ட்ரீட்மென்ட் சார்."

"யாருக்கு?"

எனக்குத்தான் என்று சொல்லத் தைரியம் வரவில்லை. "இன்னும் மூணு வாரம் டயம் குடுங்க சார்" என்றேன். பதில் சொல்லாமல் போய்விட்டார். அன்றைக்கு இரவு நான் சாப்பிடவில்லை. தோற்றால் எனக்கு ஒன்றுமில்லை, ஒரு அரட்டைக் கதை மிஞ்சும். அவன் டீக்கடையில் கிளாஸ் கழுவுவான்.

இரண்டாவது வாரம் 14. மூன்றாவது வாரம் 9. நான்காவது வாரம் 6. லீடர் அதே 9-ல் நின்றான். நோட்டைக் கொண்டுபோய் ஹெட்மாஸ்டர் மேஜையில் வைத்தேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். "உங்க பீரியட்ல சரி. இன்னிக்குக் காலையில என் பீரியட்ல பத்து தடவை எந்திரிச்சான்" என்றார்.

வாஸ்தவம். என் வகுப்பில் வாங்கின பழக்கம் என் வகுப்போடு நின்றுவிட்டது. மற்ற வகுப்புகளில் பழைய கூலி பழையபடியே கிடைத்துக் கொண்டிருந்தது. ஆனால் ஒன்று கவனித்தேன். இதுவரைக்கும் 'எப்பப் பார்த்தாலும்' என்று சொன்னவர் இன்றைக்குப் 'பத்து' என்கிறார்! அவரும் எண்ண ஆரம்பித்துவிட்டார்.

இங்கிலீஷ் டீச்சர் தன் பாணியில் ஒன்று செய்தார். வகுப்பை இரண்டு கட்சியாகப் பிரித்தார். யார் அனுமதியில்லாமல் எழுந்தாலும், கத்தினாலும் அந்தக் கட்சிக்குப் போர்டில் ஒரு கோடு. கோடு குறைவான கட்சிக்கு வெள்ளிக்கிழமை பத்து நிமிஷம் முன்னதாக கிரவுண்டு. இரண்டு கட்சிக்குமே ஐந்துக்குக் கீழ் என்றால் எல்லோருக்கும் கிரவுண்டு. டிரில் மாஸ்டர் முணுமுணுத்தார், ஆனால் வகுப்பு மாறியது. இதுவும் கன்ஸாஸில் 1969-ல் செய்து எழுதி வைக்கப்பட்ட விளையாட்டுதான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். பால்டிமோர் நகரத்தில் 1985-ல் இதை விளையாடிய ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகளைப் பெரியவர்கள் ஆகும்வரை தொடர்ந்து பார்த்தார்களாம். சிறு வயதில் முரட்டுத்தனமாக இருந்த பையன்களில், விளையாடியவர்களிடம் போதைப் பழக்கம் குறைவாக இருந்ததாம். அந்த டீச்சருக்கு இதெல்லாம் தெரியாது. வீட்டில் மூன்று பிள்ளைகளை வளர்த்த அனுபவம்.

டி.சி. எழுதப்படவில்லை. அந்த அம்மாளை மூன்றாவது தடவை யாரும் கூப்பிட்டனுப்பவும் இல்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் காலரைத் தூக்கிவிட்டுக் கொண்டிருப்பேன். எண்ணுகிற பைத்தியம் பிடித்துவிட்டதே! காலாண்டு லீவு முடிந்ததும் வகுப்பின் படத்தை ஒரு தாளில் போட்டேன். 54 கட்டம். நான் யாரோடு பேசினாலும், யார் என்னோடு பேசினாலும் அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், முன் வரிசையிலும் நடுவில் நான் நடக்கிற பாதையின் இரு பக்கத்திலும் புள்ளி அம்மை வார்த்த மாதிரி. இங்கிலீஷ் 'டி' எழுத்தைக் கவிழ்த்து வைத்ததுபோல. (ஆடம்ஸ், பிடில் என்று இருவர் வகுப்பறைகளைப் படம்பிடித்துப் பார்த்து, பேச்சு முழுக்க முன்வரிசையிலும் நடுவிலுமே நடக்கிறது என்று 1970-ல் எழுதியிருக்கிறார்கள்.) ஸ்பிரிங்கின் கட்டம் நிரம்பி வழிந்தது.

பெண்கள் பக்கம், நாலாவது வரிசை, ஜன்னலோரம். ஒரு கட்டம் வெள்ளையாக இருந்தது. ஒரு புள்ளி இல்லை. இரண்டு வாரம், பத்து பீரியட், 450 நிமிஷம். அந்தப் பெண்ணோடு நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் பேசவில்லை. எழுந்திருக்கவில்லை, திரும்பவில்லை, தொந்தரவு இல்லை. யோசித்துப் பார்த்தேன். அவள் குரல் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் போய்ப் பார்த்தால் அந்த இடத்தில் ஆள் இல்லை. ரிஜிஸ்டரைப் புரட்டினேன். நாலு நாளாக ஆப்சென்ட். நாலு நாளும் நானே என் கையால் 'ஆ' போட்டிருக்கிறேன். கை போட்டிருக்கிறது, மண்டைக்குப் போகவில்லை. ஸ்பிரிங் ஒரு நாள் வராவிட்டால் ஸ்டாஃப் ரூமே கொண்டாடும். இவள் நாலு நாள் வராதது யாருக்கும் தெரியவில்லை.

விக்மன் என்பவர் 1928-லேயே இதைத் தொட்டிருக்கிறார். பிள்ளைகளிடம் எது பெரிய பிரச்சினை என்று டீச்சர்களைக் கேட்டார். சண்டை, எதிர்த்துப் பேசுவது, ஒழுங்கு மீறுவது என்றார்கள். மனநல நிபுணர்களைக் கேட்டார். ஒதுங்கி, ஒடுங்கி, யாரோடும் ஒட்டாமல் இருக்கிற பிள்ளையைக் கவனியுங்கள் என்றார்கள். நான் மூன்று மாதமாக எண்ணியதெல்லாம் எனக்குத் தொந்தரவு தந்ததைத்தான்.

சாயங்காலம் சைக்கிளை மிதித்து வீட்டுக்குப் போனேன். அவள் பாட்டி இருந்தார். "அவ அத்தைக்குக் குழந்தை பொறந்திருக்கு சார். ஒத்தாசைக்கு அனுப்பியிருக்கோம். பொம்பளப் புள்ள, படிச்சு என்ன பண்ணப் போவுது? அங்கயே இருந்துக்கட்டும்." நான் ஒன்றும் வசனம் பேசவில்லை. "நல்லாப் படிக்கிற பொண்ணும்மா. அவ இல்லாம கிளாஸ் நல்லால்ல" என்று சொன்னேன். அவள் நன்றாகப் படிப்பவளா என்று எனக்கு அப்போது தெரியாது. சொன்னேன். பாட்டி ரொம்ப நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "நீங்க அவ வாத்தியாரா?" என்று கேட்டார். இன்னும் இரண்டு தடவை போக வேண்டியிருந்தது.

பன்னிரண்டு நாள் கழித்து ஜன்னலோரம் நிரம்பியது.

தினமும் அவளிடம் ஒரு கேள்வி என்று வைத்துக் கொண்டேன். கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். நானும் அடுத்த ஆளுக்குப் போய்விடுவேன். மேரி பட் ரோ என்கிற அம்மாள் 1970-களில் கடிகாரம் வைத்துப் பார்த்தார். கேள்வி கேட்ட டீச்சர்கள் பதிலுக்குக் காத்திருக்கிற நேரம் சராசரி ஒரு விநாடி! அதை மூன்று விநாடி ஆக்கினால் பதில்கள் நீண்டன, 'தெரியாது' குறைந்தது, வழக்கமாக வாயே திறக்காத பிள்ளைகள் பேசினார்கள். இதைப் படிக்காமலேயே ஒரு நாள் எனக்கு இருமல் வந்தது. அவளிடம் கேள்வியைக் கேட்டுவிட்டு இருமினேன். தொண்டையைச் சரி செய்துகொண்டு நிமிர்ந்தால், "மைனஸ் மூணு சார்" என்றாள். சரியான விடை. குரல் நான் நினைத்த மாதிரி மெல்லிசாக இல்லை, கணீரென்று இருந்தது. அப்புறம் அடிக்கடி இருமினேன்.

இப்போது காலம் எங்கேயோ போய்விட்டது. சீனாவில் ஹாங்ஜோ நகரத்துப் பள்ளி ஒன்றில் 2018-ல் வகுப்பறையில் கேமரா வைத்தார்கள். முப்பது விநாடிக்கு ஒரு தடவை ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் அலசி, படிக்கிறானா, எழுதுகிறானா, மேஜையில் சாய்ந்திருக்கிறானா, சந்தோஷமா, கோபமா என்று கணக்கெடுக்கும். படித்ததும் எனக்கு அந்த 87 'என்னா?' ஞாபகம் வந்தது. அந்தக் கேமரா எங்கள் கடைசி பெஞ்சைப் பார்த்திருந்தால், 'அபாரமான கவனம்' என்றுதான் ரிப்போர்ட் கொடுத்திருக்கும். அப்புறம், எல்லாக் கேமராவும் பிள்ளைகள் பக்கமே திரும்பியிருந்தால், பதினொரு 'உட்காருடா'வை யார் எண்ணுவது?

நான் வாய்விட்டு இப்படிப் புலம்பினாலும், அதை எண்ண எங்கள் வகுப்பில் ஆள் இருந்தான் என்பது மார்ச் மாதம்தான் தெரிந்தது.

முழுப் பரீட்சைக்கு முந்தைய கடைசி நாள். மணி அடித்து எல்லோரும் ஓடிவிட்டார்கள். ஸ்பிரிங் மட்டும் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றான். கையில் ஒரு புளியங்கொட்டை. "சார், ஒங்க ஜேபியிலேர்ந்து விழுந்துச்சு. ரொம்ப நாளா கேக்கணும்னு. எதுக்கு சார் இது?"

சொன்னேன். மறைக்கவில்லை. கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் பாட்டுக்குப் பையைத் திறந்து கணக்கு நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைக் காட்டினான். பக்கம் பூராவும் கோடுகள். நாலு கோடு, குறுக்கே ஒன்று. ஓரத்தில் தேதி. மேலே கொட்டை எழுத்தில் 'புரியுதா'.

"நீங்க 'புரியுதா, புரியுதா'ம்பீங்கல்ல சார். அது."

"எப்பலேர்ந்துடா எண்றே?"

"மொத நாள்லேர்ந்தே சார்."

ஜூன் மாதத்தில் 41. ஆகஸ்டில் 33. பிப்ரவரியில் 19.

"இப்ப ரொம்பக் கொறஞ்சிருச்சு சார்" என்றான், ப்ராக்ரஸ் ரிப்போர்ட் கொடுக்கிற தோரணையில். பேனாவை எடுத்து, அடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.